எந்த மல்லி?

எங்க வீட்டுக்குச் சின்ன மருமகளா வந்தவ ஒரு ஆடு. வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு நினைக்காதீங்க. வயித்தெரிச்சலும் கொஞ்சம் உண்டுதான், ஆனா இது நிஜம். அவ வந்த புதுசுல ஒரு நாள் காலைல மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன். இவ ஒரு தொட்டிக்குப் பக்கத்துல குத்தவெச்சு உக்காந்து, ரோஜாப்பூவை இதழ் இதழாப் பிச்சு வாயில போட்டு மென்னுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் வெக்கப்படணுமா வேண்டாமா? எழுந்து வந்து, "அக்கா, இதழோட அடியில வெள்ளையா இருக்கு பாருங்க, அதைக் கிள்ளிட்டா கசக்காது. ஒண்ணு தின்னு பாக்கறீங்களா?"ன்னு நீட்டறா.

"நீயே தின்னும்மா. நான் காலைல காபி குடிக்கிறவ"ன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன். அன்னைக்கு வெச்ச பேருதான் ஆடு. எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். கொழுந்தன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். அவளோ, "ஆடு நல்ல பிராணிதானே அக்கா. ஆடு தொடாத செடியை நீயும் தொடாதேன்னு எங்கப்பா சொல்வார்"னுட்டா. இப்படிப் பேசறவளை எப்படித் திட்டறது, நீங்களே சொல்லுங்க.

அவ அப்பா நர்சரி வெச்சிருந்தார். செடிகளுக்கு நடுவுலயே வளந்தவ. மத்த பிள்ளைங்க மிட்டாய் கேட்டு அழுத வயசுல இவ பூவைத் தின்னிருக்கா. எது புளிக்கும், எது மிளகு மாதிரி உறைக்கும், எது வெறும் தண்ணி, எதுக்குப் பக்கத்துலயே போகக் கூடாதுன்னு அப்பா காட்டிக் குடுத்துட்டார். பூவோட பேரைச் சொன்னா மத்தவங்களுக்கு நிறம் ஞாபகம் வரும், இவளுக்கு ருசி ஞாபகம் வரும்.

எங்க குடும்பத்துக்குத் தொழில் சமையல். மண்டபத்துல நடக்கிற விருந்துக்கெல்லாம் இங்க சமைச்சு, வேன்ல ஏத்தி அனுப்புவோம். வீட்டுக்குப் பின்னாடி நீளமா தகரக் கூரை போட்ட சமையல்கட்டு. ஒரு பக்கம் அடுப்பு வரிசை, நடுவுல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே எவர்சில்வர் மேசை, கடைசியில வேன் வந்து முதுகைக் காட்டி நிக்கிற கதவு. எங்க வீட்டுக்காரர் சாமான் வாங்குவார், கொழுந்தன் வேன் ஓட்டுவான், நான் அடுப்பு. எல்லாருக்கும் மேல அத்தை. எங்க மாமியார்.

அத்தையைப் பத்திச் சொல்லணும்னா அவங்க மூக்கைப் பத்தித்தான் சொல்லணும். அவங்க ருசி பாக்கவே மாட்டாங்க. சமையல் முடிஞ்சதும் எல்லாப் பாத்திரத்தையும் மூடி போட்டு மேசைமேல வரிசையா வெப்போம். அத்தை கையைக் கழுவித் துடைச்சுக்கிட்டு வருவாங்க. ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாடியும் நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, மூடியைக் கொஞ்சமாத் தூக்கி ஒரே ஒரு இழுப்பு. அவ்வளவுதான். "போகலாம்." அடுத்தது. "உப்பு முந்திடுச்சு, ரெண்டு உருளைக்கிழங்கு போடு." அடுத்தது. "இதை இறக்கினது யாரு? இன்னும் ஒரு கொதி வரணும்." உப்பை எப்படி மோந்து கண்டுபிடிக்கிறாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. "கண்ணு பொய் சொல்லும், நாக்கு பழகிப் போயிடும், மூக்குதான் நேர்மை"ன்னு சொல்வாங்க. அந்த நேரத்துல சமையல்கட்டுல ஒரு கரண்டி சத்தம் கேக்காது. கொழுந்தன்கூட வேன் இன்ஜினை அணைச்சிடுவான்.

அந்த மூடியைத் தூக்கிப் பாக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு சொன்னா சிரிப்பீங்க. மூத்த மருமக நான்தானே. ஒரு நாளாவது "நீ பாரு"ன்னு சொல்ல மாட்டாங்களான்னு பக்கத்துலயே நிப்பேன். சொன்னதே இல்ல.

இதுக்கு நடுவுலதான் ஆடு வந்து சேந்தா, தட்டுல பூ வெக்கணும்னு. நான் விடுவேனா? "ஆலை இல்லாத ஊருக்குத்தான் இலுப்பைப்பூ சர்க்கரை. இங்க மூட்டையாவே சர்க்கரை இருக்கு"ன்னேன். கேக்கல. "அரளியும் பூதான், அதையும் தூவி மொத்தக் கூட்டத்தையும் ஒரேயடியா அனுப்பிடு"ன்னேன். அதுக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்து பாத்தேன். மூக்கு நுனி சிவந்துடுச்சு.

"விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க அக்கா. பாக்கற பூ வேற, திங்கற பூ வேற. கடைப் பூ ஒண்ணைக்கூட நான் தட்டுல வெக்க மாட்டேன், அதுல மருந்து அடிச்சிருப்பாங்க. நானா வளத்து, நானா தின்னு பாத்தது மட்டும்தான் போகும்."

அத்தை அவ நீட்டின கிண்ணத்தை வாங்கி, கண்ணை மூடி மோந்து பாத்தாங்க. "போகலாம்"னாங்க. தீந்தது கதை. அதுக்கப்புறம் மாடி முழுக்கத் தொட்டிதான். பழைய எண்ணெய் டின், உடைஞ்ச பக்கெட், எதையும் விட்டு வெக்கல. துணி காயப்போட எனக்கு இடமே இல்லாமப் போச்சு.

சரி, குறை சொன்னது போதும். நான் பாத்ததைச் சொல்றேன்.

பூவைப் பறிக்கறதே அவளுக்கு ஒரு வேலை. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பனி காஞ்ச பின்னாடி. குளிர்ந்த தண்ணில ஒரு முக்கு, துணிமேல கவுத்து ஒரு உலர்த்தல். செம்பருத்தின்னா நடுத்தண்டை உருவிடுவா. பூசணின்னா ஆண் பூ மட்டும்தான் பறிப்பா. "பெண் பூவைப் பறிச்சா காய் எங்கேருந்து வரும்? ஆம்பளைப் பூ எப்படியும் சும்மாத்தான் நிக்குது"ன்னா ஒரு நாள். எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கமா காய்கறி மூட்டையைத் தூக்கிட்டு வந்தவர் அப்படியே நின்னுட்டார். நான் சிரிச்ச சிரிப்புல எண்ணெய்ச் சட்டி கருகிடுச்சு.

ஒரு நாள் ரோஜா இதழை எடுத்து, ஒவ்வொண்ணுமேலயும் சின்ன பிரஷ்ஷால முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, பொடிச்ச சர்க்கரையைத் தூவித் தூவி, காத்தாடிக்குக் கீழ காகிதத்துல பரப்பி வெச்சா. என்னத்தைப் பண்றாளோன்னு போயிட்டேன். மறுநாள் வந்து தொட்டுப் பாத்தா இதழ் கண்ணாடியாட்டம் நிக்குது. நிறம் அப்படியே இருக்கு, நரம்பு அப்படியே தெரியுது, ஆனா கையில எடுத்தா மடங்கல. வாயில வெச்சேன். சர்க்கரை மொறுக்குன்னு உடைஞ்சது, உள்ளேருந்து ரோஜா வந்துச்சு. நான் இத்தனை வருஷமா அடுப்புக்கு முன்னாடி நிக்கறவ, இப்படி ஒண்ணு செய்யலாம்னு எனக்குத் தோணினதே இல்லையேன்னு அங்கேயே நின்னுட்டேன்.

அப்புறம் சங்குப்பூ. வெந்நீர்ல போட்டா மை கரைச்ச மாதிரி நீலம். அதைக் கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, விருந்தாளி கையில குடுக்கறப்போ எலுமிச்சம்பழத்தைப் பிழியச் சொல்லுவா. சாறு விழுந்த இடத்துலேருந்து நீலம் கிளம்பி ஊதாவா மாறிக்கிட்டே போகும். முதல் தடவை பாத்தப்போ நான் மூக்குமேல விரலை வெச்சேன். "மந்திரம் கிந்திரம் பண்றியாடி?"ன்னேன். "புளிப்புப் பட்டா அதுக்கு வெக்கம் வந்துடும் அக்கா"ன்னா. நூறு தடவை பாத்துட்டேன், இன்னும் எனக்கு அலுக்கல.

இப்படிப் போயிக்கிட்டிருந்தப்போ அத்தைக்கு ஒரு ஜுரம் வந்துச்சு. மோசமான சளி. படுத்தாங்க, எழுந்தாங்க, வேலைக்கு வந்துட்டாங்க. எல்லாம் பழையபடிதான்னு நினைச்சோம். ஆனா சாப்பாட்டுல உக்காந்தா ரெண்டு வாய், போதும்னு எழுந்துடறாங்க. "பசிக்கல." ராத்திரியும் "பசிக்கல." நான் என்மேல ஏதோ கோபம்னு நினைச்சுக்கிட்டேன். மோதிரம் விரல்ல சுத்த ஆரம்பிச்சு, கழண்டு மாவுல விழுந்துடுமோன்னு அதுல நூல் சுத்திப் போட்டுக்கிட்டாங்க. ஒரு தடவை பக்கத்துலயே நின்னுக்கிட்டிருக்காங்க, பால் பொங்கி வழிஞ்சு தீயுது, அவங்க சன்னலைப் பாத்துக்கிட்டிருக்காங்க. நான் வெளியிலேருந்து ஓடி வந்து அணைச்சேன். இன்னொண்ணு, வரிசைக்கு வரதுக்கு முன்னாடி, "இன்னைக்கு என்ன வரிசைல வெச்சிருக்கே?"ன்னு என்கிட்ட கேக்க ஆரம்பிச்சாங்க. முன்னாடி கேட்டதே இல்ல. என்னை மதிச்சுக் கேக்கறாங்கன்னு நான் உள்ளுக்குள்ள பூரிச்சுப் போயிருந்தேன், பாத்துக்கோங்க.

அப்போதான் அந்த மல்லி வந்துச்சு.

ஒரு தலைமை ஆசிரியை ஓய்வு பெற்ற விருந்து. வெள்ளரிக்காயை அரைச்சுக் குளிர வெச்ச சூப், மேல மல்லிப்பூ தூவணும். மல்லிப்பூன்னா, நம்ம மல்லித்தழை முத்தினதும் உச்சியில பொடிப் பொடியா வெள்ளையா பூக்குமே, அது. தழையைவிட மெதுவான வாசம். மாடில இருந்த மல்லித் தொட்டியை மழை அடிச்சு நாசம் பண்ணிடுச்சு. ஆடு எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "மாமா, நம்ம மருந்து அடிக்காத கீரைத் தோட்டக்காரர்கிட்ட மல்லிப்பூ சொல்லி வெச்சிருக்கேன், வாங்கிட்டு வந்துடுங்க"ன்னா. இந்தப் பக்கம் மிக்ஸி ஓடுது. அவர் காதுல விழுந்தது மல்லிப்பூ, வாங்கிட்டு வந்துடுங்க. நேரா பூக்கடைக்குப் போய், வாசம் ஊரைத் தூக்கற நல்ல முத்து மல்லிகையா பொறுக்கி வாங்கிட்டு வந்துட்டார். பாத்திரம் கழுவுற அக்காகிட்ட பொட்டலத்தைக் குடுத்து, "மல்லிப்பூ, சூப்புக்காம்"னார். அந்தம்மா யாரையும் கேக்கல. கிண்ணத்துல கொட்டி, மூடி போட்டு, வரிசைக் கடைசில வெச்சுட்டாங்க. சின்னவ அந்தக் கோடியில ரோஜா இதழைப் பொறுக்கிக்கிட்டிருந்தா. நான் அடுப்புல. கிண்ணத்தை யாரும் திறந்து பாக்கல.

அத்தை வந்தாங்க. "என்ன வரிசை?"ன்னாங்க. சொன்னேன். கடைசில மல்லின்னேன்.

கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா வந்தாங்க. போகலாம். போகலாம். போகலாம். கடைசிக் கிண்ணத்துக்கு வந்து மூடியைத் தூக்கினாங்க. குப்புன்னு கிளம்புச்சு மல்லிகை. மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிற என் மூக்குல வந்து மோதுது. வேன் பக்கத்துல நின்ன கொழுந்தன் திரும்பிப் பாக்கறான். அத்தை அதுக்கு நேர் மேல முகத்தை வெச்சு, நிதானமா ஒரு இழுப்பு இழுத்து, "மல்லி. நல்லா பச்சையா இருக்கு. போகலாம்"னாங்க.

எங்க வீட்டுக்காரர் ஏதோ விளையாட்டுன்னு நினைச்சு சிரிக்க வாயைத் திறந்தார். சின்னவ எப்போ அந்தக் கோடியிலேருந்து வந்தாளோ தெரியாது. அத்தை கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி மூடியைத் திருப்பி வெச்சு, "சரிங்க அத்தை"ன்னு கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா. குப்பைக் கூடையில கொட்டி, மேல வெள்ளரித் தோலைப் போட்டா. மாடிக்கு ஓடி, வெள்ளரிக் கொடியில இருந்த மஞ்சள் பூவைப் பறிச்சுக்கிட்டு வந்து சூப்புமேல வெச்சு அனுப்பினா. அந்த ஆசிரியை அதைப் பத்தியே ரொம்ப நேரம் பேசினாங்களாம்.

வேன் போனதும் நான் எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சுக்கிட்டேன். "சூப்புல போடறதுக்கு யாராவது மல்லிகை வாங்குவாங்களா?"

"மல்லிப்பூன்னு சொன்னா மல்லிப்பூதானே வாங்குவாங்க? மல்லிப்பூன்னு சொல்லிட்டு வேற எதை வாங்கறது?"

"அது மல்லிகை! இது மல்லி!"

"ரெண்டுக்கும் பூ மல்லிப்பூதான்டி! பேரு வெச்சவனைப் போய்த் திட்டு!"

அதுல அவர் சொன்னது நியாயம்தான். ஆனா நான் சத்தம் போட்டதே வேற பயத்துல. சின்னவ என் கையைப் பிடிச்சு மாடிப்படிக்குக் கூட்டிட்டுப் போனா. "அக்கா, அத்தைக்கு வாசம் தெரியல"ன்னா.

தெரிஞ்ச விஷயம்தான். ஆனா வாயால கேட்டதும்தான் பால் தீஞ்சது, வரிசை கேட்டது, பசிக்கலன்னது, எல்லாம் ஒண்ணா வந்து நின்னுச்சு. "உப்பு தெரியும், இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். ஆனா வாசம் இல்லாம சாப்பாடு சாப்பாடா இருக்காதுக்கா. மண்ணை மெல்ற மாதிரி இருக்கும்"னா. "சொல்லிடலாமா?"ன்னேன். "வேண்டாம். அவங்க கையிலேருந்து மூடியைப் பிடுங்கின மாதிரி ஆயிடும். அவங்களே சொல்லட்டும். அதுவரைக்கும் அவங்க சாப்பிடணும். எப்படியாவது சாப்பிட வெக்கணும்"னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. அன்னைக்குத்தான் நான் அவளை முதல் தடவையா ஆடுன்னு கூப்பிடாம, அவ சொன்னதைக் கேட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை எனக்கு வந்து சேந்துச்சு. அத்தை வரிசைக்கு வரதுக்கு முன்னாடி நான் ஒவ்வொரு பாத்திரமா மூடியைத் தூக்கி மோந்து பாத்து, தப்பு இருந்தா சரி பண்ணி, ஒண்ணும் தெரியாதவ மாதிரி போய் நின்னுடுவேன். இத்தனை வருஷமா ஆசைப்பட்ட மூடி. திருட்டுத்தனமா தூக்கறப்போ அதுல ஒரு சந்தோஷமும் இல்ல.

ஆடு அவ வேலையை ஆரம்பிச்சா. முதல்ல கண்ணுக்கு வெச்சுப் பாத்தா. சங்குப்பூத் தண்ணில வெந்த நீலச் சோறு, அதுமேல சாமந்தி இதழ். அத்தை தட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "அழகா இருக்கும்மா"ன்னாங்க. ரெண்டு வாய். எழுந்துட்டாங்க. ரோஜா இதழைக் கண்ணாடியாட்டம் பண்ணி புட்டிங்மேல வெச்சா. ஒண்ணு சாப்பிட்டாங்க. ஐஸ் கட்டிக்குள்ள பூவை உறைய வெச்சு டம்ளர்ல போட்டா. அந்த ஐஸ் கரையற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்துட்டு, தண்ணியை வெச்சுட்டுப் போயிட்டாங்க. மோதிரத்துல இன்னொரு சுத்து நூல் ஏறுச்சு.

அப்புறம் ஒரு நாள் பூசணிப்பூவை மாவுல முக்கிப் பொரிச்சுக் குடுத்தா. அத்தை கடிச்சாங்க. நொறுக்குன்னுச்சு. இன்னொண்ணு எடுத்தாங்க. மூணாவதும் எடுத்தாங்க. "நல்லா இருக்கா அத்தை?"ன்னு கேட்டேன். "சத்தம் நல்லா இருக்கு"ன்னாங்க. சொன்ன பிறகு என்னைப் பாத்தாங்க, நான் வேற எங்கேயோ பாத்தேன். சின்னவ அங்கேயே நின்னு அவங்க தாடை அசையறதையே பாத்துக்கிட்டிருந்தா. "அக்கா, வாயிக்குள்ள வாசம் மட்டுமா இருக்கு?"ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டா.

மாடில ஒரு மூலையில யாரும் திரும்பிப் பாக்காத ஒரு தொட்டி இருந்துச்சு. இதழே இல்லாத, சட்டைப் பொத்தான் மாதிரி மஞ்சளா உருண்டையா ஒரு பூ. பல்வலிப் பூ. பல்லு வலிச்சா அதைக் கடிச்சு வெச்சுக்குவாங்க, வாய் விறுவிறுன்னு மரத்துப் போகும். அவ அப்பா குடுத்து விட்ட செடி. எதுக்கு இதைப் போய் வளக்கறேன்னு நான் கேட்டிருக்கேன்.

அதைப் பறிச்சு, கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா பிச்சு, எலுமிச்சை ஐஸ்மேல தூவினா. பக்கத்துல சங்குப்பூத் தண்ணி ஒரு சொட்டு. ஐஸ்மேல நீலம் ஊதாவா ஓடிக்கிட்டிருந்துச்சு. அத்தைக்கு முன்னாடி கிண்ணத்தை வெச்சா.

அத்தை ஒரு கரண்டி எடுத்து வாயில போட்டாங்க. கிண்ணத்தைத் தள்ளத்தான் போறாங்கன்னு நினைச்சேன். கை பாதில நின்னுச்சு. கண்ணு விரிஞ்சுது. "அடியேய்!"ன்னு ஒரு சத்தம். "என் வாயில என்னத்தைடி வெச்சே?"

நான் தண்ணி டம்ளரை நீட்டினேன். சின்னவ அசையல. "என்ன பண்ணுது அத்தை?"ன்னு கேட்டா.

"ஓடுதுடி! நாக்கு முழுக்க என்னமோ ஓடுது! உதட்டுல துடிக்குது. குளிருது, புளிக்குது, பொரியுது..." பேச முடியல அவங்களுக்கு. எச்சில் ஊறி உதட்டோரம் வழியுது, துடைச்சுக்கக்கூட இல்ல. சிரிக்கிறாங்க. கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது. அந்த அம்மா அழுது நான் பாத்ததே இல்ல, மாமனார் போனப்போகூட எல்லாருக்கும் சோறு போட்டுட்டுத்தான் உக்காந்தாங்க. இப்போ ஒரு பொத்தான் பூவுக்கு அழறாங்க. "வாய் உயிரோடதான்டி இருக்கு"ன்னாங்க. "குடு. இன்னொரு கரண்டி குடு."

கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டாங்க. உலகத்துல இருக்கிற அத்தனை சமையல்காரங்களும் வாசத்தைத் துரத்திக்கிட்டுப் போறாங்க. இவ வாசமே போன ஒருத்தருக்கு உள்ள போக வேற கதவு எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சிருக்கா, அதுவும் நான் களைன்னு பிடுங்கிப் போட இருந்த ஒரு தொட்டியில. நான் அவ தலையில ஒரு தட்டு தட்டி, "ஆடு, ஆடு"ன்னேன். வேற ஒண்ணும் வாயில வரல.

அதுலேருந்து அத்தை மாடிக்கு ஏற ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் துணி காயப்போடப் போறேன், தொட்டிப் பக்கம் ரெண்டு பேரும் குத்தவெச்சு உக்காந்து மென்னுக்கிட்டிருக்காங்க. ஒரு வீட்டுல ரெண்டு ஆடு. "இது நாக்கைக் கடிக்குதுடி", "இது வழவழன்னு போகுது, இதுக்குப் பக்கத்துல மொறுமொறுன்னு ஏதாவது வேணும்"னு அத்தை சொல்றதும், இவ தலையாட்டறதுமா போகும். அந்தப் பேச்சுலேருந்து வந்த தட்டுகளுக்கு மண்டபத்துல பேரு கிடைச்சுது. அவங்க வாய்க்குப் பிடிச்சது எல்லாருக்கும் பிடிச்சுது. மோதிரத்துல இருந்த நூல் எப்போ போச்சுன்னு நான் கவனிக்கல. ஒரு நாள் பாத்தேன், இல்ல.

ஆனா வரிசை மட்டும் பழையபடிதான். கண்ணை மூடி, மூடியைத் தூக்கி, "போகலாம்." அத்தையும் நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி மட்டும் பேசிக்கவே இல்ல.

மறுபடியும் வெள்ளரி சூப் கேட்டு ஒரு விருந்து வந்துச்சு. இந்தத் தடவை மாடில மல்லித் தொட்டி நல்லா பூத்திருந்துச்சு. எங்க வீட்டுக்காரரைக் கடைப் பக்கமே நான் விடல. மேசைமேல வரிசை வெச்சாச்சு. நான் முன்னாடியே மோந்து பாத்தாச்சு. வேன் இன்ஜின் நின்னுச்சு. அத்தை கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்க. "என்ன வரிசை?"ன்னு கேக்கல. முதல் பாத்திரத்துக்கு முன்னாடி வந்து நின்னாங்க. கண்ணை மூடல.

"எல்லாரும் கேளுங்க. என் மூக்கு செத்துப் போச்சு"ன்னாங்க. கறிகாய் விலை சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாங்க. "டாக்டர்கிட்ட நானே போயிட்டு வந்துட்டேன். வந்தாலும் வருமாம், வராமலே போனாலும் போகுமாம். மோந்து பாக்காம என் சமையல்கட்டுலேருந்து ஒரு கரண்டி வெளிய போகக் கூடாது. அதனால," சின்னவ பக்கம் திரும்பினாங்க, "நீ வாடி. மூடியைத் தூக்கு."

எனக்குத் தெரியும் அது நியாயம்னு. அந்தப் பிள்ளை அதுக்கு முழுசா உரியவ. இருந்தாலும் வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். முகம் காட்டிக் குடுத்துடுமோன்னு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"நான் வாயை வெச்சுப் பாக்கறவ அத்தை, மூக்கு எனக்கு வராது"ன்னு அவ சொல்றது கேட்டுச்சு. "அக்கா மூக்குதான் மூக்கு. என்மேல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்காகவே நான் செஞ்ச எல்லாத்தையும் இத்தனை நாளா மோந்து பாத்துக்கிட்டே இருக்காங்களே."

கொழுந்தன்தான் முதல்ல சிரிச்சான். அப்புறம் எல்லாரும். அத்தை சிரிக்கல. என் கிட்ட வந்து, என் கையை இழுத்து, அதுல மூடியை வெச்சாங்க. மூடி சூடா இருந்துச்சு. "பாரு"ன்னாங்க.

நான் கண்ணை மூடிக்கிட்டேன். முன்னாடியே பாத்ததுதான், ஆனா இப்போ அத்தனை பேரும் பாக்கறாங்க. முதல் பாத்திரம். போகலாம். ரெண்டாவது. போகலாம். எனக்கு என் குரலே வேற யாரோடதோ மாதிரி கேட்டுச்சு. ஒவ்வொண்ணா நகந்து கடைசிக் கிண்ணத்துக்கு வந்தேன். மூடியைக் கொஞ்சமாத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தேன்.

"மல்லி, அத்தை. நல்லா பச்சையா இருக்கு."

என் காதுக்குப் பக்கத்துல அத்தை குரல் வந்துச்சு. "எந்த மல்லி?"

கண்ணைத் திறந்தேன். சின்னவ முகத்துல ரத்தமே இல்ல. எங்க வீட்டுக்காரர் கையிலேருந்து கூடை நழுவுச்சு. அத்தை என்னைப் பாக்கல, அவளைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

"அன்னைக்குக் குப்பைக் கூடையைக் கொட்டினது நான்தானே"ன்னாங்க. "வெள்ளரித் தோலுக்கு அடியில பாத்தேன்."

அப்போ அன்னையிலேருந்தே தெரியும். நீலச் சோறும், ஐஸுக்குள்ள பூவும், ஒவ்வொரு தட்டும் எதுக்கு வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டே அவ முன்னாடி உக்காந்திருக்காங்க. அவ மனசு நோகக் கூடாதுன்னுதான் அந்த ரெண்டு ரெண்டு வாயும் முழுங்கியிருக்காங்க. நாங்க என்னமோ அவங்களைக் காப்பாத்தறோம்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். சின்னவ முகத்தைக் கையால மூடிக்கிட்டா. அத்தை அவ தலையில ஒரு தட்டு தட்டினாங்க, நான் தட்டின அதே இடத்துல.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே, கூட்டம் காத்திருக்கு. மோந்தவ பதில் சொல்லணும். எந்த மல்லி?"

"கொத்தமல்லி, அத்தை"ன்னேன்.

"அப்போ போகலாம்"னாங்க.